களைக்கு முன்னால் போட்ட யூரியா

ஊரப்பாக்கம்,
26-3-2006, ஞாயிறு.

அன்பு மகள் திரிபுரசுந்தரிக்கு அம்மா கனகவல்லி மனதார வாழ்த்தி எழுதுவது. இங்கே உன் அப்பா, அண்ணன், அண்ணி, பிள்ளைகள், கிணற்று மோட்டார் வரைக்கும் எல்லாரும் எல்லாமும் நல்லபடி. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் என் ராஜா முகிலனும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். முதலில் பிள்ளைகளின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றது. உன் அண்ணன் மகள் தேன்மொழி அரைப் பரீட்சையில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு வாங்கினாள். அவள் வகுப்பு டீச்சர் என்னைக் கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் பார்த்து, பாட்டிம்மா உங்க பேத்தி எங்கியோ போயிடுவா என்று சொன்னாள், எங்கே போனாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடட்டும் என்று நான் சொன்னேன். சின்னவன் ஷ்யாம்சுந்தர் தாம்பரத்தில் நடந்த பள்ளிக்கூட விளையாட்டில் நீளம் தாண்டி முதலாவதாக வந்தான். கோப்பை கொடுத்தார்கள், அதை டி.வி. மேல் வைத்திருக்கிறோம், உன் அண்ணி ரோஹிணி கடிகாரத்தையே நகர்த்தி இடம் கொடுத்துவிட்டாள். பொழிச்சலூர் சித்தியின் பேத்தி அபிதகுஜாம்பாளைக் காலேஜ் முடிப்பதற்குள்ளேயே கம்ப்யூட்டர் கம்பெனியில் எடுத்துக்கொண்டார்களாம், இனிமேல் வாசலுக்கே பஸ் வருமாம், சித்தி அதை என்னிடம் மட்டும் மூன்று தரம் சொல்லிவிட்டாள். உன் மகன் நீச்சலில் மெடல் வாங்கியதை நான் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குக்கூடச் சொல்லிவிட்டேன். நம் குடும்பத்தில் கிணற்றில் குதித்தவர்கள் நிறையப் பேர் உண்டு, அதற்கு மெடல் வாங்கியவன் அவன் ஒருத்தன்தான்.

இந்த வரிசையில் நம் ஏரிப் பக்கத்து நிலத்தில் நிற்கிற பேபி கார்னையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ கூப்பிட்டால் முதலில் உன் அப்பா பேசி, பிறகு பிள்ளைகள் பிடுங்கிப் பேசி, என் கைக்கு வரும்போது கார்டு தீர்ந்துவிடுகிறது, சரிம்மா உடம்பைப் பாத்துக்க என்று வைத்துவிடுகிறாய். அதுவும் இல்லாமல் உன் அப்பா பக்கத்திலேயே நிற்கும்போது அவரைப் பற்றி நான் எப்படிப் பேசுவது. நீ போன மாதம் அவரிடம், நிலத்தைக் குடுத்துடுங்கப்பா, அம்மாவுக்கும் முட்டி வலி என்று சொன்ன ஒரு வார்த்தை இங்கே என்னவெல்லாம் செய்தது என்று உனக்குத் தெரியாது. உன்மேல் கோபம் இல்லை. என் முட்டியை நினைத்துச் சொன்னாய். ஆனால் நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு அதற்கப்புறம் சொல்.

ஐப்பசி கார்த்திகை மழையில் நெல் மொத்தமாக மூழ்கிப் போனது உனக்குத் தெரியும். தண்ணீர் வடிய மார்கழி ஆயிற்று. வடியும்போது நம் மண்ணை எடுத்துக்கொண்டு போய், ஏரியில் இருந்த கோரை, சாரணை என்று எல்லாக் களைகளின் விதையையும் நம்மிடம் விட்டுவிட்டுப் போயிற்று. உன் அப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அப்போதுதான் பஞ்சாயத்து ஆபீசில் விவசாய ஆபீஸ் அம்மா ஒருத்தி வந்து கூட்டம் போட்டாள். நானும் நம் தெருக்கோடி ஜீவரத்தினமும் போனோம். அவளைத் தெரியும் அல்லவா, கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறாளே, அவள்தான். கூட்டத்தில் போண்டா கொடுப்பார்கள் என்றுதான் ஜீவரத்தினம் வந்தாள், நான் மட்டும் பாடம் கேட்கப் போனேன் என்று சொன்னால் அதுவும் பொய்தான். அந்த அம்மா பேபி கார்ன் பற்றிச் சொன்னாள். ஹோட்டலில் ஃப்ரைடு ரைசில் விரல் மாதிரி மஞ்சளாக வருமே, அது. முற்ற விடக்கூடாது, பிஞ்சிலேயே ஒடித்துவிட வேண்டும், அதனால் இரண்டு மாதத்துக்குள் காசு கண்ணில் தெரியும், தாளும் தோகையும் மாட்டுக்கு ஆகும் என்றாள். மாடு என்றதும் ஜீவரத்தினம் போண்டாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீட்டில் வந்து சொன்னால் உன் அண்ணன் ராஜகோபால் சிரித்தான், நூடுல்ஸ்ல போடறதுக்கா நம்ம நிலம் என்றான். உன் அப்பா மட்டும் எழுந்து உட்கார்ந்து, விதை எங்க கிடைக்குமாம் என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே நான் போட வைத்தேன். தை பிறந்ததும் விதைத்தோம், முளைப்பும் நன்றாக வந்தது.

இப்போது தப்பு நடந்த இடத்துக்கு வருகிறேன். பயிர் முழங்கால் உயரம் வந்ததும் களை எடுத்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் மேலுரம் போட வேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தாள். களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை. ஜி.எஸ்.டி. ரோடு நெடுக ஃபிளாட் கட்டுகிறார்கள், பெண்கள் எல்லாரும் சித்தாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஜீவரத்தினத்துக்கும் அந்த வாரம் மாடு கன்று போட்டிருந்தது. நான் அபிதாவுக்கு வேலை கிடைத்ததற்குப் பொழிச்சலூர் போய் இரண்டு நாள் தங்கிவிட்டேன். உன் அப்பா பார்த்தார். உன் அப்பாவின் யூரியாக் கை உனக்குத் தெரியும், நெல்லுக்கு அவர் வீசினால் வயல் முழுக்க ஒரே சீராக விழும், மண்ணிவாக்கத்திலிருந்துகூட ஆள் வந்து, வேதாசலம் வந்து வீசிட்டுப் போகட்டும் என்று அவரைக் கூப்பிடுவார்கள். ஆள் வரும்போது வரட்டும், உரம் காத்திருக்காது என்று அன்னக்கூடையில் யூரியாவை எடுத்துக்கொண்டு பனி ஈரம் காயும் முன்னே இறங்கி, நெல்லுக்கு வீசுவது மாதிரியே வீசிவிட்டார். நெல்லின் தாள் ஒல்லி, அதன்மேல் விழுந்தது நழுவித் தண்ணீரில் போய்விடும். இந்தச் சோளத்தின் குருத்தோ புனல் மாதிரி வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்க்கும். வீசியதில் பாதி குருத்துக்குள் விழுந்து பனியில் கரைந்து உட்கார்ந்துவிட்டது. மீதி மண்ணில் விழுந்து களைக்குப் போயிற்று. பந்தியில் விருந்தாளியை நிற்க வைத்துவிட்டு, கூப்பிடாமல் வந்து உட்கார்ந்தவனுக்கெல்லாம் இலை போட்ட கதைதான். நான் திரும்பி வந்து பார்க்கும்போது குருத்தெல்லாம் வெளுத்துக் கருகி, அதன் நடுவில் கோரை மட்டும் கரும்பச்சையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. நான் இருந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன், எனக்கும் அன்றைக்கு இது தெரியாது. நாம் நெல்லுக்காரர்கள். நெல்லுக்குப் பழகிய கை நெல்லுக்குச் செய்ததைத்தான் செய்தது.

ஆனால் உன் அப்பா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மழையில் போனதை மழைமேல் போட்டார், இதை யார்மேல் போடுவார். அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். ஸ்டேஷனுக்குப் போவதென்றால்கூட நிலத்தைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போனார். அந்த நேரம் பார்த்து ஜல்லிக் காண்ட்ராக்டர் ஒருத்தர் வர ஆரம்பித்தார். ஃபிளாட் கட்டுகிறவர்களுக்கு ஜல்லியும் மணலும் கொட்டி வைக்க இடம் வேண்டுமாம், நம் நிலம் ரோட்டுக்குக் கிட்டே இருக்கிறதாம், மாதா மாதம் வாடகை கையில் கொடுத்துவிடுவாராம். அவரை நான் குற்றம் சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது. உன் அண்ணனும், ஏம்பா வெயில்ல காயறீங்க, பேசாம குடுத்துடலாம் என்றான். நான் மட்டும் கேட்டேன், ஒரு தரம் ஜல்லி கொட்டி லாரி ஏறி இறங்கிய மண்ணில் அப்புறம் என்ன முளைக்கும் என்று. உன் அப்பா, சுந்தரியைக் கேட்டுட்டு சொல்றேன் என்று அவரை அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போனில் அந்த வார்த்தையைச் சொன்னாய். அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டியிருந்தது, உன் வார்த்தை கிடைத்தது. மறுநாளே, பொண்ணே சொல்லிடுச்சு, நீ இன்னும் இன்னா யோசிக்கிற என்று என்னிடம் ஆரம்பித்தார். நான் சொன்னேன், இந்தப் பயிர் உயிரோட இருக்கு, உயிரோட இருக்கறத மூடிட்டு மேல ஜல்லி கொட்ட நான் விட மாட்டேன், இது முடியட்டும், முடியறவரைக்கும் அந்த ஆள் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

உன் அண்ணன் நல்லதுதான் செய்ய நினைத்தான். களைதானே பிரச்சினை என்று ஒரு டப்பா களைக்கொல்லி வாங்கி வந்து வாசலில் வைத்தான், ஞாயித்துக்கிழமை நானே அடிச்சுடறேம்மா என்றான். அதைப் பால் ஊற்ற வந்த ஜீவரத்தினம் பார்த்துவிட்டாள். இன்னாக்கா இது என்றாள். சொன்னேன். பால் சொம்பை டக்கென்று கீழே வைத்தாள். நல்லா கீதுக்கா நாயம், ஊர்ல கீற காலி மனைக்கெல்லாம் கல்லு நட்டு வேலி போட்டுட்டானுங்க, மாட்டுக்கு ஒரு புடி புல்லு அறுக்க எடமில்ல, உன் நெலத்துல இம்மாங் களை மண்டிக்கினு கீது, அதுல மருந்து அடிச்சா என் மாடு இன்னாத்தத் துன்னும், உன் ஃப்ரைடு ரைஸயா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு ஒரு யோசனையும் வந்தது. நம் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டே, களை எடுக்கிறவர்களுக்குத்தான் அந்தப் புல் என்று. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோதுகூட அவர்கள் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பாய். கூலிக்கு ஆள் வரவில்லை என்றால் புல்லுக்கு வருவார்கள். நான் அவளிடம் சொன்னேன், மருந்து அடிக்கல, நீ உன் ஆளுங்களோட வா, கூலியும் உண்டு, புல்லும் உன்னுது, பின்னாடி ஆண் பூ கிள்ளும்போது அந்தப் பூவும், கதிர் ஒடிச்சப்புறம் தாளும் உன் மாட்டுக்குத்தான், ஆனா கதிர் ஒடிக்கிற காலத்துல ஒரு நாள்கூட நிக்காம வரணும் என்று. ஏனென்றால் இந்தப் பயிரில் அதுதான் உயிர்நிலை. பட்டு மாதிரி நார் வெளியே வந்ததும் ஒடித்தாக வேண்டும், இரண்டு நாள் விட்டால் கட்டை பெருத்து எவனும் வாங்க மாட்டான். சித்தாள் வேலைக்குப் போகிறவர்களை நம்பி அது நடக்காது. ஜீவரத்தினம் சொம்பைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, மாட்டு மேல சத்தியமா வர்றேங்கா என்றாள். அவளுக்கு அதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யக்கூடாது என்று விவசாய ஆபீசுக்குப் பஸ் ஏறிப் போய், கருகின குருத்து ஒன்றையும் டப்பாவையும் அந்த அம்மாவிடம் காட்டினேன். இந்த மருந்தைத் தப்பு என்று அவள் சொல்லவில்லை. இத விதைச்ச உடனே, களை முளைக்கறதுக்கு முன்னாடி மண்ணுல அடிக்கணும்மா, இப்ப களை வளந்து நிக்கும்போது அடிச்சா பிரயோஜனம் இல்ல, அடிச்ச புல்ல மாட்டுக்கும் போடக்கூடாது என்றாள். குருத்தைப் பிரித்துப் பார்த்து, உள்ள நடுக் குருத்து பச்சையாத்தான் இருக்கு, பொழைச்சுக்கும் என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கோயிலில் மணி அடித்த மாதிரி இருந்தது. கையால் களை எடுத்து, செடி வரிசையாக நிற்கிற பாருக்கு மண் அணைத்து, அப்புறம் யூரியாவைச் செடிக்குப் பக்கத்தில் தூரில் படாமல் கிள்ளி வைத்து மண்ணால் மூடி, உடனே தண்ணீர் விட வேண்டும், மூடாவிட்டால் வெயிலில் காற்றோடு போய்விடும் என்றாள். போனது போகட்டும் என்று இரட்டிப்பாகப் போட்டுவிடக்கூடாது, அளவைக் குறைத்துப் போட வேண்டும் என்றும் சொன்னாள். டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், உன் அண்ணன் முகம் சுண்டிப் போயிற்று. அப்புறம் ரோஹிணி அவனிடம், அத்தை சொன்னா ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன் என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜீவரத்தினம் அவள் நாத்தனார், ஓரகத்தி என்று ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தாள். நானும் இறங்கினேன். கோபித்துக்கொள்ளாதே. முட்டி மடங்கவில்லை என்பதால் சமையலறை மணையை எடுத்துப் போய், அதில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து எடுத்தேன். யக்கா கார்ல வருது, வழி வுடுங்கடி என்று அவர்கள் ஒரே கேலி. சாரணையில் இளசாகப் பார்த்துக் கொஞ்சம் கீரைக்கு எடுத்து வைத்தேன், மற்றதெல்லாம் மாட்டுக்குப் போயிற்று. கோரைதான் படுத்திவிட்டது. மேலே பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் உட்கார்ந்துகொண்டு அடுத்த வாரம் திரும்ப எட்டிப் பார்க்கும், களைக்கொத்தால் தோண்டி எடுத்தால்தான் விடும். களை முடிந்து மண் அணைத்து யூரியா வைக்கிற அன்றைக்கு உன் அப்பா வரப்பு வரைக்கும் வந்தார். நான் மூன்று விரலால் கிள்ளிக் கிள்ளி வைத்து மூடுவதைப் பார்த்துவிட்டு, இது உரம் போடறதா, இல்ல மூக்குப்பொடி போடறதா என்று கேட்டார். அத்தனை பெண்களும் சிரித்தார்கள், எனக்கோ கோபம் வந்தது. ஆனால் அவர் அந்த நிலத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசி எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். கேலியாக இருந்தால் என்ன, வாய் திறந்ததே பெரிது. மோட்டாரைப் போட்டு வுடுங்க, தண்ணி பாயணும் என்று மட்டும் சொன்னேன். போய்ப் போட்டார். மடை திருப்பவும் அவரே நின்றார்.

அதற்கப்புறம் பயிர் செய்த வேலையைப் பார்க்க வேண்டும் சுந்தரி. கருகின இலை கருகினபடியே கீழே தொங்கியது, நடுவிலிருந்து புதுக் குருத்து ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து வந்தது. களைக்குப் போய்க்கொண்டிருந்த சத்தெல்லாம் இப்போதுதான் பயிருக்கு வந்து சேர்ந்தது. மாசி கடைசியில் ஆள் உயரம் நின்றது. ஆண் பூ தலைகாட்டியதும் அதை உருவி எடுக்கிற வேலை வந்தது. உன் அப்பாவால் தாங்க முடியவில்லை, பூ வுடற பயிரோட தலைய பறிக்கிறியே, பாவமில்லையா என்று என் பின்னாலேயே வந்தார். பூவை விட்டால் மகரந்தம் விழுந்து மணி பிடித்துவிடும், பிஞ்சு பிஞ்சாக நிற்காது என்று அந்த அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். நாலாவது பாத்தியில் அவர் கையும் மேலே போயிற்று, நான் எட்டி எட்டிப் பறித்தேன், அவர் உயரத்துக்கு அது சுலபம். ஆனால் ஜல்லிக்காரருக்கு அவர் முடியாது என்று சொல்லவில்லை, அதை நானும் கேட்கவில்லை. அந்த ஒன்று மட்டும் எனக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது.

போன வாரம் முதல் கதிர் ஒடித்தோம். காலையில் வெயில் ஏறும் முன்னே ஜீவரத்தினம் கூட்டத்தோடு வந்துவிடுகிறாள், சத்தியம் தவறவில்லை. கோவளம் பக்கத்து ஹோட்டல்களுக்குக் காய்கறி எடுத்துப் போகிற பாட்சா பாய் வேனோடு வந்தார். தோலை உரித்து ஒவ்வொன்றையும் விரலோடு விரல் வைத்துப் பார்த்தார். பெருத்தவற்றை ஒதுக்கிவிட்டார், அது அன்றைக்கு நம் வீட்டுக் குழம்பில் போயிற்று, ஷ்யாம் மட்டும் நான்கு தரம் போட்டுக்கொண்டான். அடுத்த நாள் ஒதுக்க ஒன்றும் இல்லாமல் கொடுத்தோம். பாய் என்னிடம், அம்மா ஒரே சைஸா இருக்கு, இப்டியே குடுத்தா நான் வேற எங்கயும் போகமாட்டேன், அடுத்த போகம் எப்ப போடுவீங்க என்று கேட்டார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன், அவர் வேனின் டயரைப் பார்த்தார்.

அதற்கு அடுத்த நாள் வியாழக்கிழமைதான் எல்லாம் முடிவுக்கு வந்தது. உன் அண்ணன் ஆபீஸ் ரயிலுக்குப் போய்விட்டான். நாங்கள் பாருக்குள் கதிர் ஒடித்துக்கொண்டிருக்கிறோம், ரோட்டில் லாரிச் சத்தம். ஜல்லி லோடு. பேச்சு முடிந்துவிட்டது என்றே காண்ட்ராக்டர் நினைத்திருக்கிறார், உன் அப்பா முடியாது என்று சொல்லாததால். டிரைவர் தலையை நீட்டி, பெர்சு எங்க கொட்றது, சீக்கிரம் சொல்லுபா, டீசல் எரிஞ்சிகினு கீது என்றான். உன் அப்பா நிலத்து வாசலில் லாரியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் மடியில் கதிரோடு வெளியே வந்தேன். மடியில் இருந்ததைக் கூடையில் கொட்டி, அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் லாரி உள்ளே வருகிற வழியில் நடுவில் வைத்து, பக்கத்திலேயே மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என் பின்னால் ஜீவரத்தினமும் மற்றவர்களும் அவரவர் கூடையோடு வந்து நின்றார்கள், நான் கூப்பிடவில்லை. உன் அப்பா என்னிடம் மெதுவாக, பொண்ணு குடுக்கச் சொல்லிச்சேடி என்றார். நான் சொன்னேன், பொண்ணு மஸ்கட்டுல இருக்கா, அவ என் முட்டியப் பாத்து சொன்னா, பயிரைப் பாக்கல, நீங்க ரெண்டையும் பாத்துட்டீங்க, உங்களுக்குத் தோணறத சொல்லுங்க, ஆனா ஒண்ணு, உங்க கை கெட்டுப் போச்சுன்னு நெனச்சு நெலத்தைக் குடுக்காதீங்க, கைக்கு ஒண்ணும் ஆகல, பயிர்தான் புதுசு என்று. சுந்தரி, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் எதிரில் நான் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது கிடையாது. அவர் என்னைப் பார்க்கவில்லை, கூடையைப் பார்த்தார். குனிந்து ஒரு கதிரை எடுத்து, தோலை உரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு லாரியிடம் போய், தப்பா வந்துட்டபா, இங்க பயிர் இருக்குது, திருப்பிக்கோ, உங்க ஓனர்கிட்ட வேதாசலம் இல்லன்னு சொல்லிட்டான்னு சொல்லு என்றார். டிரைவர், இத்த மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் பெர்சு இந்தச் சந்துல பூந்து வரப்போறேன் என்று கத்தினான். அது நியாயமான கேள்விதான். உன் அப்பாவே பின்னால் நின்று கைகாட்டி லாரியை ரோடு வரைக்கும் ரிவர்ஸ் எடுக்க வைத்தார், அவனுக்கு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ராத்திரி உன் அண்ணனிடம் அவரே சொன்னார். அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, சரி, அந்தக் காண்ட்ராக்டர் கிட்ட நான் பேசிக்கிறேன் என்றான்.

அதனால் உன் சம்மதம் கேட்டு இதை எழுதவில்லை, முடிவு ஆனதை உனக்குத் தெரியப்படுத்தி எழுதுகிறேன். வைகாசியில் மறுபடியும் விதைக்கப் போகிறோம். இந்தத் தரம் களையை முதலிலேயே பிடிப்போம், ஒரு பிடி யூரியாகூடக் களை எடுக்காமல் இறங்காது. நீ எனக்காக ஒன்று செய். இனிமேல் போன் பேசும்போது நிலத்தை என்ன செய்யப்போறீங்க என்று அப்பாவிடம் கேட்காதே. அடுத்த விதைப்பு எப்பப்பா, களை எடுத்தாச்சா, தண்ணி எப்படி இருக்கு என்று கேள். நீ ஒரு தரம் கேட்டால் அவர் ஒரு வாரம் அந்தப் பதிலைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். என் முட்டிக்கு நீ அனுப்பிய தைலம் நன்றாகக் கேட்கிறது, தீரும் முன்னே இன்னொன்று யாராவது வந்தால் கொடுத்து அனுப்பு. வெயில் காலம் வருகிறது, முகிலனை நீச்சல் முடிந்ததும் ஈரத் தலையோடு ஏ.சி.யில் உட்கார விடாதே. மாப்பிள்ளைக்கு வேளைக்குச் சாப்பாடு போடு, நீயும் அவர் வருகிற வரைக்கும் பட்டினி கிடக்காமல் சாப்பிடு.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீண்ட ஆயுளோடு இருக்க நம் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, ஆனால் தபால்தலை வாங்கி வந்து கொடுத்தவர் அவர்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
வே. கனகவல்லி.

மறந்துவிட்டேன். ஒரு புதுப் போட்டோ தபாலில் அனுப்பு. கம்ப்யூட்டரில் அனுப்பினால் அது உன் அண்ணன் ஆபீசிலேயே நின்றுவிடுகிறது. கார் முன்னாலும் கடை முன்னாலும் நின்று எடுத்தது வேண்டாம், பிள்ளை மெடலைப் போட்டுக்கொண்டு, நீயும் மாப்பிள்ளையும் இரண்டு பக்கமும் நிற்க, முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒன்று. கதிர் ஒடிக்கிறவர்கள் எல்லாரும் உன் பொண்ணு எப்டி இருப்பா, உன் பொண்ணு எப்டி இருப்பா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது உன் கல்யாணப் போட்டோ ஒன்றுதான், அதில் நீ அழுது மூக்கு சிவந்து நிற்கிறாய்.